துவைத்துவிட்ட சட்டை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தையல் கற்றவள் நான். ஊர் நாடகங்களுக்கும் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் உடை தைத்து, அப்படியே சினிமாவுக்கு வந்து சேர்ந்தேன். மேடைக்குப் பளபளப்பாக இருந்தால் போதும். சினிமாவில் புதுச் சட்டையைப் பழசாக்குவதுதான் பாதி வேலை. வீட்டில் சொன்னால், "துணிய அழுக்காக்கறதுக்கு ஒரு ஆளா?" என்று கேட்கிறார்கள்.

உறுவையாறு பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் படப்பிடிப்பு. நாயகன் கரும்பு வெட்டுகிறவன். அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை. டீ டிக்காஷனில் ஊறவைத்து, காலரை உப்புத்தாளால் தேய்த்து, கரும்புச் சோகை எரித்த கரியைப் பூசி, பாக்கெட்டுக்குக் கீழே ஒரு ரத்தக் கறையும் வைத்திருந்தேன். அவன் அடிபட்டு விழுவது வரைக்கும் எடுத்தாயிற்று. எழுந்து உட்கார்ந்து அழுவது மறுநாள். அதை முகத்துக்குக் கிட்டே போய் எடுக்கப்போவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். சட்டை மாறினால் முதலிலிருந்து எடுக்கவும் வழியில்லை. அவன் விழுந்த இடத்துக் கரும்பை அன்றைக்கே வெட்டி டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள். மிச்சம் நின்ற ஓரத்தில்தான் மறுநாள் வேலை.

இந்தப் படம் ஒழுங்காக முடிந்தால் அடுத்ததும் எனக்கே என்று இயக்குநர் சொல்லியிருந்ததால், அந்தச் சட்டையை விட்டு என் மனசு நகரவில்லை. வேனில் வைத்தால் எலி கடிக்குமோ, பனியில் கறை பரவுமோ? கடைசியில் கொல்லைக்காரர் வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். "அக்கா, இது பத்திரம். நடிகரு சட்ட. காலைல வந்து வாங்கிக்கறேன்" என்றேன். துவைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. யாருக்குத்தான் அது சொல்லத் தோன்றும்?

காலையில் போனால் சட்டை நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, எவர்சில்வர் தட்டில் மடித்து வைத்திருக்கிறது.

"இன்னாக்கா இது?"

"அடுத்தவங்க துணிய அழுக்கோட திருப்பிக் குடுப்பாங்களா? எங்க வூட்ல அந்தப் பழக்கம் இல்லம்மா. ராவெல்லாம் ஃபேனுக்கு அடியில காய வெச்சேன். ஒரு கறதான் போவேனான்னுச்சி, எலுமிச்சம்பழம் போட்டு எடுத்துட்டேன்."

"ஐயோ, அது நான் வெச்ச கறக்கா!"

"நீயா வெச்ச? ஏம்மா, அவரு மேல உனக்கு இன்னா கோவம்?"

திட்டவும் முடியவில்லை. எனக்கென்று இட்லி வேறு எடுத்து வைத்திருந்தார்.

மோட்டார் தொட்டியில் போட்டு அலசினேன். கஞ்சி முழுதாகப் போகவில்லை. டிக்காஷன் ஊற்றினால் திட்டுத் திட்டாக நின்றது. முந்தின நாள் போனில் எடுத்திருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துக் கறையை வைத்தேன். அவசரத்தில் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. கரும்பு வெட்ட வந்த பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எங்க வூட்டுக்காரரு சட்டையக் குடுக்கட்டுமாடி? இவ்ளோ கஷ்டமே வேணாம், அதுல எல்லா அழுக்கும் ரெடியா கீது" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஈரச் சட்டையோடு நான் படப்பிடிப்புக்கு ஓடினேன்.

இயக்குநர் மானிட்டரில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "க்ளோஸ் வேணாம். தூரத்துலேர்ந்து எடுத்துக்கலாம்" என்று கேமராக்காரரிடம் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நடிகர் அன்றைக்கு உண்மையிலேயே நன்றாக அழுதார். படத்தில் அவர் கரும்புக்கு நடுவே வெளுப்பாக ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

சாயங்காலம் மூட்டை கட்டும்போது அந்த அக்கா வாசலிலிருந்து கூப்பிட்டார். "கண்ணு, மிச்சத் துணியயும் குடுத்துட்டுப் போயேன். அலசிப் போட்டுடறேன்."

"வேணாங்க்கா" என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த படத்துக்கு உடை வேறொருவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். இப்போதெல்லாம் எந்த வீட்டில் துணி வைத்தாலும், "தயவுசெஞ்சி தொவச்சிடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடுகிறேன். உள்ளே போனதும், இந்தப் பெண்ணுக்குச் சுத்தம் என்பதே கிடையாதா என்று பேசிக்கொள்கிறார்கள். வெளியே எனக்குக் கேட்கிறது.