மைக்செட்காரரும் ஒற்றை நாற்காலியும்

பிரார்த்தனை நேரத்தில் சபைக் கூடத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள், மைக்செட்காரரைத் தவிர. யாராவது கேட்டால் அவரிடம் காரணம் தயாராக இருந்தது. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் திரும்பவும் மைக்குக்குள் புகுந்தால் கூடமே அதிர 'கூ'வென்று ஊளை கிளம்பும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டால் அந்த நேரத்தில் சத்தத்தைக் குறைப்பது யார்? நியாயமான கேள்வி. சபையில் யாரும் அதற்கு மேல் தோண்டவில்லை.

உண்மைக் காரணம் வேறு. மனிதருக்கு நம்பிக்கை போய் வெகு காலமாகிவிட்டது. ஒரே நாளில் போகவில்லை, யாரோடும் சண்டை போட்டும் போகவில்லை. துவைக்கத் துவைக்கச் சட்டையில் சாயம் போகுமே, அப்படிப் போயிற்று. பெண்பிள்ளைகள் விரும்பும் வரை படிக்கட்டும், யாரைக் கட்டிக்கொள்வது என்பது கட்டிக்கொள்பவர் பாடு, பிரார்த்தனை வேண்டியவர்கள் பண்ணட்டும், வேண்டாதவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் இருந்தால் போதும். அவருடைய புரட்சி அவ்வளவுதான். ஆனால் அவர் கடை வைத்திருந்த தெருவில் அதுவே அதிகம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்தத் தெருவில் வாயை மூடிய பிள்ளைதான் பிழைத்தது. அவரும் மூடிக்கொண்டு, பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் பற்றவைத்து, வாரந்தோறும் சபைக்குப் போய், சபையை நடத்தும் பெரியவரின் குரலை ஊர் கேட்கப் பெருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பயப்படக் காரணம் இருந்தது. அந்தச் சபையில் அடி இல்லை, அபராதம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி போடுவார்கள். ஒன்றே ஒன்று. அதில் உட்கார வைத்துக் கேட்பார்கள். தள்ளி வைத்துவிட்டால், சபையைச் சேர்ந்த யாரும் அந்த ஆளோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. ஒரே வீட்டில் இருக்கலாம், பெண்டாட்டி சமைத்துப் போடலாம், ஆனால் அதே மேஜையில் அவள் உட்காரக் கூடாது. அடுத்த தெருத் தையல்காரர், தன் மகளைச் சபையில் சேராத வெளியாளுக்குக் கொடுத்ததற்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். புருஷனை விட்டுச் சாப்பிட மாட்டேன் என்று சொன்ன அவர் மனைவியையும் பின்னாலேயே தள்ளி வைத்தார்கள். தீர்ப்பு கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கும்படி சத்தத்தைச் சரி செய்து கொடுத்தவர் நம் மைக்செட்காரர். அன்று வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பெரிய சுகம், மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடுவது. மகன் வேலைக்கென்று தூரமாகப் போய்விட்டான். வீட்டில் இரண்டே பேர். அடுப்படிச் சுவரை ஒட்டி ஒரு சின்ன மேஜை, எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். வெளியே பூட்டி வைத்ததையெல்லாம் அவர் அங்கேதான் அவிழ்த்துக் கொட்டுவார். அவள் அதிகம் பேச மாட்டாள். ம் கொட்டுவாள், சில சமயம் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து போவாள்.

மேஜைக்கு மேலே ஒரு அலமாரி. உப்பு, சர்க்கரை டப்பாக்களுக்குப் பக்கத்தில்தான் பெரியவரின் சட்டையில் குத்தும் வயரில்லாத மைக்கை அவர் சார்ஜில் போட்டு வைப்பார். கூடத்து அலமாரியில் ஈரம், அங்கே வைத்தால் பேட்டரி பாழ். அந்த மைக்கில் முன்பு ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஜனங்கள் என் பேச்சைக் கேட்காமல் நெஞ்சில் எரியும் விளக்கையே பார்க்கிறார்கள் என்று பெரியவர் குறைப்பட்டதால், அதன் வயரை இவரே நறுக்கிவிட்டார். பெரியவருக்கு முட்டி வலி வந்து, வாரநாள் பாடங்களுக்குக் கூடத்து மாடியிலுள்ள தன் அறையிலிருந்து இறங்க முடியாமல் போனபோது, கீழே வேறொருவர் அந்த மைக்கில் நடத்தும் பாடத்தை நேராகப் பிடித்துச் சொல்லும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை அவர் கட்டில் பக்கத்தில் வைத்துக் கொடுத்ததும் இவர்தான். காது மந்தமான பெரியவர் அதை உச்சத்தில் வைத்து இராப்பகலாகத் திறந்தே விட்டிருந்தார். கூடத்துக்கும் இவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான் இடைவெளி. வேலையில் கெட்டிக்காரர் என்று சபையே மெச்சியது. கெட்டிக்காரர்தான், யார் இல்லையென்றது?

ஒரு வாரக் கூட்டத்தில் பெரியவர் பேச்சை நிறுத்தி, மெதுவாகக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "நம்மள்ல ஒருத்தர் கேக்குறாராம். கடவுளுக்கு என்ன காது மந்தமா, எதுக்கு இவ்வளவு பெரிய ஸ்பீக்கர்னு."

மைக்செட்காரரின் விரல் சத்தத் திருகின் மேலேயே உறைந்துவிட்டது. மைக்செட்காரரின் சொந்த வாயிலிருந்து வந்த வார்த்தைகள். அப்படியே, எழுத்துப் பிசகாமல். அடுப்படியில், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது. கேட்டவள் ஒருத்திதான்.

முதலில் அவர் நம்பவில்லை. வேறு யாரோ இதே கேலியைப் பண்ணியிருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுவாரம் பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அவர் சொன்னது பிரசங்கத்தில் வந்தது. அதற்கும் மறுவாரம் இன்னொன்று. சந்தேகம் என்பது வீட்டுக்குள் நுழைந்த எலி மாதிரி. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் போதும், அப்புறம் எங்கே சரசரத்தாலும் அதுதான். மனைவியின் அண்ணன் சபைக்குப் பொருளாளர். பிற்பகலில் இவர் கடையில் இருக்கும்போது அவள் வெளியே போய் வருவதாகப் பக்கத்துக் கடைக்காரர் எப்போதோ போகிறபோக்கில் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. எங்கே போனாய் என்று கேட்டால், "சும்மா, காலாற" என்பாள். காலாற நடப்பவள் எதற்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் போக வேண்டும்? அண்ணன் வீட்டுக்குத்தான். சாப்பாடும் போகிறது, சேதியும் போகிறது.

அவள் முகத்தை அவர் ஒளிந்து ஒளிந்து பார்க்கத் தொடங்கினார். அவள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள், சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறாள். கட்டிலில் திரும்பிப் படுத்தால்கூட அதில் ஒரு அர்த்தம் தெரிந்தது. மேஜையில் எதிரே உட்காருவதே அவருக்கு நெருப்பில் உட்காருவதாக இருந்தது. கடையில் வேலை அதிகம் என்று சொல்லிச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போக ஆரம்பித்தார். இரவிலும் பசியில்லை என்றார், அவள் படுத்த பிறகு நின்றபடியே எதையாவது விழுங்கினார். அவள் ஏனென்று ஒரு தடவை கேட்டாள். வேலை என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காததையும் அவர் சாட்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பழுது பார்க்கிறவருக்குப் பழக்கமான வழி ஒன்று உண்டு. ஒரு முனையில் சத்தத்தைக் கொடு, எந்த முனையில் வெளியே வருகிறது என்று பார். ஒரு நாள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய், யாரிடமும் சொல்லாத ஒரு பொய்யை அவளிடம் மட்டும் சொன்னார்: "நேத்து தையல்காரர் வீட்டுல உக்காந்து டீ குடிச்சேன். என்ன பண்ணிடுவாங்க?" அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரமே பிரசங்கத்தில் வந்தது. தள்ளி வைக்கப்பட்டவர் வீட்டில் டீ குடித்த ஒருவர் நம் நடுவில் இருக்கிறார் என்றார் பெரியவர். மறுநாள் மச்சான் கடை வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலேயே, "நாளைக்குச் சாயங்காலம் கூடத்துல உங்களுக்கு நாற்காலி போடுறாங்க, வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மைக்கையும் மறக்காமல் கொண்டு வரச் சொன்னார். நாற்காலியில் உட்காருகிறவரே தன் தீர்ப்புக்கு மைக்செட்டும் போட்டுத் தர வேண்டும். சபை எதையும் வீணாக்குவதில்லை.

மறுநாள் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். அவள் மேஜையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை.

"நீதானே சொன்னே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினார். ஸ்பீக்கர் கேலி, படிப்பு, டீ, அண்ணன், தூக்கு, காலாற நடப்பது. டீ குடித்தேன் என்று சொன்னது பொய், உன்னைச் சோதிக்கத்தான் சொன்னேன், அகப்பட்டுக்கொண்டாய் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு வெற்றி இருந்தது. அந்த வெற்றிக்காகப் பிற்பாடு அவர் ரொம்ப வெட்கப்பட்டார்.

அவள் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். "நான் காட்டிக் குடுக்கறதா இருந்தா முதல்ல என்னையில்ல காட்டிக் குடுக்கணும்? நீங்க பொய்யாக் குடிச்ச டீயை நான் நெஜமாவே குடிச்சிட்டிருக்கேன். தையல்காரர் சம்சாரத்தைத் தள்ளி வெச்ச மறுநாள்லேர்ந்து."

தூக்கு அங்கேதான் போயிருக்கிறது. அண்ணன் வீட்டுக்கு அவள் போயே மாதக்கணக்காகிறது. தையல்காரர் மனைவி சிறு வயதிலிருந்தே அவளுக்குச் சிநேகிதி. ஊரில் யாரும் கூட உட்காராத அந்த வீட்டில், பிற்பகல்களில் பின்பக்கக் கதவு வழியாகப் போய், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்திருக்கிறாள்.

"கடவுள் இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பக்கத்துல உக்காந்து சாப்பிடறதுக்கு ஒரு ஆளுகிட்ட அனுமதி கேக்கணும்னா, அந்த மாதிரிக் கடவுள் எனக்கு வேண்டாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க இங்க உக்காந்து பேசுவீங்க. அங்க போய் சத்தத்தைக் கூட்டி வெப்பீங்க. உங்ககிட்ட சொல்லி?"

 அவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், சாயங்காலத்துக்கு எடுத்து வைக்கலாம் என்று அலமாரியிலிருந்து மைக்கை உருவினார். அது கையில் வெதுவெதுப்பாக இருந்தது. சார்ஜ் ஏறுவதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே, வெளிச்சத்தில் பார்க்க ஜன்னலருகே போனார். எதிர் மாடியில் எப்போதும் சாத்தியிருக்கும் பெரியவரின் ஜன்னல் அன்று புழுக்கத்துக்குத் திறந்திருந்தது.

அதற்குள்ளிருந்து 'கூ'வென்று ஊளை கிளம்பியது.

அவருக்கு அந்த ஊளையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் மைக் தன் ஸ்பீக்கரையே கேட்கிறது. ஸ்பீக்கர் பெரியவரின் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. சுவிட்ச் தேய்ந்து, தள்ளினாலும் அணையாமல் இருந்திருக்கிறது. எரிகிறதா என்று காட்டியிருக்கக்கூடிய ஒரே விளக்கை அவரே நறுக்கியிருக்கிறார். எல்லா வயரையும் சந்தேகப்பட்டவர், வயரில்லாமலும் சத்தம் போகும் என்பதை மறந்துபோனார், தன் தொழிலே அதுவாக இருந்தும். இத்தனை வாரமும் அவர்கள் சோற்று மேஜைக்குப் பெரியவரும் வந்து உட்கார்ந்திருக்கிறார். இப்போது அவள் சொன்னதையும் கேட்டிருக்கிறார். இதுவரை ஒருவர் தலை. இனி இரண்டு தலை.

அவர் பதறி ஜன்னலை விட்டு விலகினார், ஊளை அடங்கியது. அவர் முகத்தையும் எதிர் ஜன்னலையும் அவர் கையையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். மண்டு இல்லை அவள், புரிந்துகொண்டாள். கையைக் கழுவி, துணியில் துடைத்து, அவரிடமிருந்து மைக்கை வாங்கி வாயருகே வைத்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக மைக்கில் பேசுகிறாள், குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"பெரியவரே, நல்லாக் கேக்குதா? சாயங்காலம் ஒரு நாற்காலி பத்தாது. எங்களுக்கு ரெண்டு போடுங்க. இத்தனை நாளா ஒட்டுக் கேட்டவங்களுக்கு ஒண்ணு போடுங்க."

எதிர் ஜன்னல் சாத்தப்பட்டது. அவசரமாகச் சாத்தவில்லை, மெதுவாக, கொக்கி விழும் சத்தத்தோடு.

சாயங்காலம் அவர்கள் கிளம்பி வாசலுக்கு வந்தபோது மச்சான் எதிரே வந்தார். பெரியவருக்கு முட்டி வலி அதிகம், கூட்டம் இன்றைக்கு இல்லை என்றார். வேறு நாள் சொல்லி அனுப்புவார்களாம். எந்த நாள் என்று மச்சானுக்கும் தெரியவில்லை. தங்கையின் முகத்தைக் குழப்பத்தோடு பார்த்துவிட்டுப் போனார். அந்த வேறு நாள் அப்புறம் வரவே இல்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பெரியவர்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. மைக்செட்காரர் இன்றைக்கும் கூடத்தில் கண்ணைத் திறந்தபடிதான் நிற்கிறார். பெரியவரும் இப்போதெல்லாம் பிரார்த்தனையில் ஒரு கண்ணை அவர் மேல் வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் இரண்டு பேரையும் தெரியும், இரண்டு பேரும் பேசுவதில்லை.

ஆனால் அன்றைய இரவுச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். கண்டம் தப்பிய குஷியில் அவர் மைக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, கைகால் கழுவி, வெகுநாள் கழித்து மேஜையில் வந்து உட்கார்ந்தார். அவள் ஒரு தட்டை வைத்துச் சாதம் போட்டாள். இன்னொரு தட்டு வரும் என்று அவர் காத்திருந்தார்.

"உனக்கு?"

"நான் சாப்பிட்டாச்சு."

"இதுக்குள்ளயா? எனக்காக இருந்திருக்கலாமே."

அவள் சொம்பை அவர் பக்கத்தில் வைத்தாள். "சபை தள்ளி வெச்சிட்டா தனித்தனியா சாப்பிடணுமேன்னு பயந்தீங்க. இத்தனை வாரமா என்னைத் தனியா உக்கார வெச்சது எந்தச் சபைங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தேவலை என்று நினைத்திருப்பார். அடுப்பைத் துடைத்துவிட்டு அவள் படுக்கப் போனாள். எதிர் நாற்காலியைப் பார்த்தபடி மைக்செட்காரர் தனியாகச் சாப்பிட்டு முடித்தார்.