சிப்ரியேனின் மூக்கும் நாற்பத்து மூன்று சதவீதமும்

கடவுள் சிப்ரியேனுக்கு மூக்கைக் கொடுத்துவிட்டு மூளையைக் கொடுக்க மறந்துபோனார் என்பது அவன் தங்கை ஒதீலின் கட்சி. லூர் மலைச் சரிவில் அவள் ரொட்டி வண்டி நிற்கிற பதினோரு ஊர்களிலும் இதை அவள் சொல்லியிருக்கிறாள். ஒருவரும் மறுத்ததில்லை.

சிப்ரியேன் முப்பத்தெட்டு வருஷமாக ஈசோப்பு என்கிற வாசனைச் செடியிலிருந்து தைலம் காய்ச்சுகிறவன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் கொப்பரையின் வாயில் ஒழுகுகிற எண்ணெயில் சுண்டுவிரலைத் தொட்டு, கண்ணை மூடி மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வான். அதற்குள் நாலு பேராவது வந்து நிற்க வேண்டும். யாரும் வராவிட்டால் எண்ணெய் காத்திருக்கும். தாவீது ராஜா பாவம் கழுவக் கேட்ட செடி இது என்று பாதிரியாரிடமே போய் அளப்பான். அந்த நல்ல மனுஷர் தலையாட்டிவிட்டு ஒயினைக் குடிப்பார்.

அவன் வயலில் நட்டது மலை ஈசோப்பு. தரையோடு படுத்து வளரும், லாவெண்டர் போல மெல்ல மணக்கும், குணத்திலும் சாது. கீழே பள்ளத்தாக்கில் நிமிர்ந்து நிற்கிற நீல ஈசோப்பின் கதை வேறு. அதன் எண்ணெயில் பினோகாம்ஃபோன் என்று ஒரு சரக்கு பாதிக்குப் பாதி இருக்கும். சூடம் மாதிரி நெற்றியில் ஏறும். வலிப்பு உள்ளவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது.

ஒதீலுக்குப் பதினைந்து வயதிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரை பலித்து ஆறு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. அதனால்தான் வண்டி ஓட்ட அனுமதி கிடைத்தது. அதுவரைக்கும் கடைக்குப் போவதற்குக்கூட அண்ணன் மனசு வைக்க வேண்டும். இப்போது சாவி அவள் இடுப்பில் தொங்குகிறது. தூங்கும்போது அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

மலை ஈசோப்புப் போடுகிற எல்லோரும் குச்சி வெட்டித்தான் நடுவார்கள். விதை போட்டால் ஜாதி கலந்துவிடும். நாற்றுக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்.

"குச்சி நடுறவன் சோம்பேறி. என் வயல் விதை எனக்குத் துரோகம் பண்ணாது" என்றான் சிப்ரியேன்.

விதையையே போட்டான், செடி இரண்டு தலைமுறை மாறுகிற வரைக்கும். இது போதாதென்று வயலோரம் பதினாலு தேன்கூடு வைத்தான். தேனீக்குத் தீனி பத்தாது என்று பக்கத்து நிலத்துக்காரர் பர்த்தெலெமிக்கு ஒயின் வாங்கிக் கொடுத்து, அவர் நிலத்தில் நீல ஈசோப்புப் போட வைத்தான். தேனீ இவனைப் போல வாய்ச்சொல் வீரன் அல்ல. அங்கேயும் இங்கேயும் பறந்து தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது.

வருஷம் வருஷம் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. தினமும் மோந்து பார்க்கிற மூக்கு, கூடவே பழகிக்கொண்டது. செப்டம்பரில் கூட்டுறவுச் சங்கத்தின் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. இதை மலை ஈசோப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாதாம்.

"மெஷினுக்கு மூக்கு இருக்கா? எடுக்காட்டி போறான். என் எண்ணெய் என் வீட்லயே இருக்கட்டும்" என்று பீப்பாயைத் திருப்பிக் கொண்டுவந்தான். காகிதத்தில் ஆட்டுப் பாலாடைக்கட்டியைச் சுற்றி அலமாரியில் வைத்தான்.

ஜனவரியில் ஒதீலுக்கு நெஞ்சுச் சளி கட்டியது.

"சர்க்கரைக் கட்டியில நம்ம எண்ணெய் பத்துச் சொட்டு விட்டுச் சாப்பிடு."

"பத்தா? தாங்குமா அண்ணே?"

"மலைச் சரக்கும்மா. கைக்குழந்தைக்கே கொடுக்கலாம்."

மூன்றாம் நாள் காலை அடுப்படித் தரையில் கண் விழித்தாள் ஒதீல். நாக்கு கடிபட்டிருந்தது. காப்பி பாவாடையெல்லாம் கொட்டியிருந்தது. என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் சாவியைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு வருஷம் வண்டியைத் தொடக் கூடாது என்றாள். "அந்த எண்ணெய்க்குச் சோதனைக் காகிதம் ஏதாவது இருக்கா?" என்றும் கேட்டாள்.

இருந்தது. பாலாடை வாடையோடு, எண்ணெய்க் கறையோடு இருந்தது. பினோகாம்ஃபோன் நாற்பத்து மூன்று சதவீதம். மலைச் சரக்கில் நிறைய இருக்க வேண்டிய சாதுவான லினலூல் வெறும் ஆறு.

ஒதீல் கத்தவில்லை. பர்த்தெலெமி வீட்டுக்குப் போய் அவருடைய நீல எண்ணெயில் கொஞ்சம் வாங்கி வந்தாள். இரண்டு கிண்ணங்களை அண்ணன் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணு உன்னோடது, ஒண்ணு பர்த்தெலெமியோடது. எது எதுன்னு சொல்லு."

சிப்ரியேன் கண்ணை மூடினான். இதை மோந்தான், அதை மோந்தான், மறுபடி இதை மோந்தான்.

"விளையாடாத. ரெண்டுமே என்னோடதுதான்."

அவள் காகிதத்தை அவன் முன் விரித்து வைத்தாள். அவன் படித்தான். அந்த எண்ணின் மேல் சுண்டுவிரலை வைத்து மறுபடி படித்தான்.

"என்னை மன்னிச்சுடு" என்றான் கடைசியில்.

"மன்னிப்பை வெச்சு எந்த ஊருக்கு ரொட்டி போகும்? உனக்கு லைசென்ஸ் இருக்குல்ல. காலைல அஞ்சரைக்கு வண்டி கிளம்பணும்."

எட்டு மணிக்கு முன்னால் சூரியனையே பார்த்திராத சிப்ரியேன் இப்போது ஐந்தரைக்கு வண்டியை எடுக்கிறான். வண்டிக் கண்ணாடியில், ரொட்டி விலைக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறாள் ஒதீல். எண்ணெய் கேட்டு யார் வந்தாலும் அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

"இருமலுக்கு உன் தைலம் இருக்கா சிப்ரியேன்?" என்று கேட்டாள் கடைசி ஊரில் மதாம் ரூவியே.

"இல்ல மதாம். அதுல பினோ... காம்ஃபோன்..."

"எவ்வளவுன்னு சொல்லு அண்ணே. அவங்களுக்குக் காது மந்தம், சத்தமா சொல்லு" என்றாள் வண்டிக்குள்ளிருந்து ஒதீல்.

"நாப்பத்தி மூணு" என்றான் சத்தமாக.

மதாம் ரூவியே சிரித்துவிட்டாள். "அப்போ உன் மூக்கு என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

அவன் ரொட்டியை நீட்டினான். வண்டி மலையிறக்கத்தில் திரும்பியது. ஒதீலுக்கும் இப்போது சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தாள். அவள் பக்கத்தில் பிரேக் கிடையாது.