சாப்பிட்டாயா என்று கேட்ட வீட்டுப்பாடம்

வேனில் ஏழு பேர் ஏறினார்கள். கிளப் வாசலில் ஆறு பேர்தான் இறங்கினார்கள். ஏழாவது பெண் கடைசி சீட்டில், டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"இறங்கும்மா. நான் ஹார்பர் கேட்டுக்குப் போவணும்."

"நான் வரல அண்ணாச்சி. திரும்பிப் போவும்போது இந்த வண்டிலேயே வந்துருதேன்."

"திரும்பிப் போவ சாயங்காலம் ஆவும். அதுவரைக்கும் உள்ள இருந்தா அவிஞ்சிருவ."

"அவிஞ்சா அவியுதேன்."

இதை இப்போது அந்த வேனை ஓட்டுகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தமிழ் எழுத வரும், மெதுவாக. கதை அங்கே இங்கே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் வண்டி ஓட்டியதும் அப்படித்தான்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் வேலை பார்ப்பவர்கள் கரையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் இளைப்பாற ஒரு கிளப் உண்டு. வைஃபை, கேரம் போர்டு, காப்பி. அதில் முப்பத்தொரு வருஷம் வேன் ஓட்டினேன். துறைமுகக் கேட்டில் கரையிறங்கும் சீட்டான ஷோர் பாஸைக் காட்டிவிட்டு வெளியே வருகிறவர்களை ஏற்றுவது, ஊரைக் காட்டுவது, நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவது. இவ்வளவுதான் வேலை. நிலக்கரிக் கப்பல்காரர்கள் எவ்வளவு குளித்துவிட்டு வந்தாலும் கண்ணோரம் மை தீட்டியதுபோல் இருக்கும். காற்றாலை இறக்கை ஏற்ற வருகிறவர்கள் சட்டை கசங்காமல் வருவார்கள். ஒரு சீஃப் என்ஜினியர் மார்க்கெட்டில் ஒரு கிலோ மக்ரூன் வாங்கி, கேட் வருவதற்குள் வேனிலேயே தின்று முடித்துவிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னார்.

என்னிடம் இருபது வாக்கியம் இங்கிலீஷ் இருந்தது. "கேட் டைம் சிக்ஸ்." "ஷோர் பாஸ் ஷோ." "நோ ஸ்மோக்." "சிம் கார்டு திஸ் சைடு, சர்ச் தட் சைடு." இதை வைத்தே காலம் ஓடியது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று வேனில் வந்த ஏழு பிள்ளைகளும் எம்.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருஷம். அவர்களுடைய பேராசிரியையை நான் மேடம் என்றுதான் சொல்வேன். உட்கார்ந்த இடத்தில் பாடம் நடத்துகிறவர் இல்லை. கிளப்புக்கு நேரில் வந்து அனுமதி வாங்கி, என்னையும் கூப்பிட்டு வீட்டுப்பாடத்தை விளக்கினார். ஒவ்வொருவரும் ஒரு கப்பல்காரரோடு இருபத்தைந்து நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும். அவர் சரி என்றால் போனில் பதிவு செய்ய வேண்டும். பிறகு நாலு பக்கம் எழுத வேண்டும். கேட்கக் கூடாதது ஆறு: வயசு, சம்பளம், கல்யாணம், பிள்ளைகள், மதம், சாப்பாடு. வெயில் மழையில் ஆரம்பிக்க வேண்டும். அறிமுகம் இல்லாதவரிடம் சொந்த விஷயத்தைக் கேட்பது இங்கிலாந்தில் மரியாதை இல்லையாம்.

"அதெல்லாம் கேக்காம பின்ன என்னத்த மேடம் பேசுதது?" என்றேன்.

"அதான் அண்ணாச்சி ஹோம்வொர்க்கே. பிள்ளைய திணறுனா நீங்க பாட்டுக்கு நடுவுல போயிராதிய."

சரி என்றேன். மேடத்துக்கு அன்று கல்லூரியில் வேறு வேலை. பிள்ளைகளை என் பொறுப்பில் விட்டிருந்தார்.

கடைசி சீட்டுப் பெண்ணின் பெயர் பேச்சியம்மாள். ஏரல்காரி. அப்பா சந்தையில் வாழை இலை வியாபாரம். விடிந்தும் விடியாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். இறங்கின பிள்ளைகளில் ஒருத்தி ஜன்னலில் வந்து என்னிடம் சொன்னாள்.

"அவள வுடுங்க அண்ணாச்சி. பேருதான் பேச்சி. எழுதச் சொன்னா மேடமே டிக்சனரி எடுக்கணும். வாயத் தொறந்தா காத்துதான் வரும்."

"போளா அங்கிட்டு," என்றாள் பேச்சி. அதைச் சொல்ல மட்டும் வாய் நன்றாகவே திறந்தது.

பிறகு என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். இந்த மாதிரிப் பேசுகிற வீட்டுப்பாடத்தில் இரண்டு தடவை எழுந்து நின்று, ஒன்றும் வராமல் உட்கார்ந்துவிட்டாளாம். இது மூன்றாவதும் கடைசியும். இதிலும் போனால் அந்தப் பேப்பர் அரியர். கூடப் படிக்கிறவர்கள் பட்டம் வாங்கிப் போக, இவள் மட்டும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

"மனசுக்குள்ள எல்லாம் வருது அண்ணாச்சி. ஆளு மூஞ்சியப் பாத்தா நின்னுருது."

கேட்டில் ஆட்கள் வெயிலில் நிற்பார்கள். அவளையும் வைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

கேட்டில் ஐந்து பேர் ஏறினார்கள். நாலு பேர் ஒன்றாக முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்தாவது ஆள் குட்டை, தடித்த கை, நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பிலிப்பைன்ஸ்காரர். கப்பலில் சமையல்காரர் என்று கேட்டிலேயே சொன்னார். நாலு மணிக்கே திரும்ப வேண்டும், ராத்திரிச் சாப்பாடு அவர் கையில்தான். அவருக்குக் கடைசி சீட்டுதான் கிடைத்தது, பேச்சி பக்கத்தில்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். உப்பளம் இரண்டு தாண்டியது. பிறகு போனை எடுத்து, ரெக்கார்ட் பண்ணட்டுமா என்று சைகையில் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"வெதர் இஸ் வெரி ஹாட்," என்றாள்.

"யெஸ்," என்றார் அவர்.

அவ்வளவுதான். தூத்துக்குடி வெயிலைப் பற்றி அதற்கு மேல் என்ன இருக்கிறது? ஒரு லாரி எங்களை முந்தியது. இன்னொரு லாரி முந்தியது. அவள் போனைப் பார்த்தாள், மடியில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள். பயத்தில் அவளே சாப்பிடவில்லை என்று நினைக்கிறேன். பிறகு நம் ஊரில் வாசலுக்கு வந்த யாரிடமும் கேட்பதுபோல், யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"டிட் யூ ஈட், பிரதர்?"

கேட்கக் கூடாத ஆறில் ஒன்று. நான் இருமினேன், வேண்டுமென்றுதான். நடுவில் போகாதே என்று மேடம் சொல்லியிருந்தும் இருமினேன். இன்னொரு தடவை பலமாக இருமினேன். அவள் திரும்பவே இல்லை.

"நோ," என்றார் அவர்.

நாம் அப்படிக் கேட்டால் ஆச்சு என்றுதான் பதில் வரும். சாப்பிடாதவன்கூட ஆச்சு என்பான். இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் கேட்டவர் என்ன செய்ய முடியும்? அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். புளிச்சாதம், வாழைக்காய்ப் பொரியல், இலையில் கட்டின தேங்காய்த் துவையல்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பேச்சி பிறகு எனக்குச் சொன்னாள், பதினொரு மாதமாக மூன்று வேளையும் இருபத்திரண்டு பேருக்கு ஆக்கிப் போடுகிறாராம். நீ சாப்பிட்டாயா என்று ஒருத்தர் கேட்டதில்லை. சமையல்காரன் எப்படியும் தின்றிருப்பான் என்று எல்லோருக்கும் நினைப்பு. அவர் ஊரிலும் ஆளைப் பார்த்தால் முதல் வார்த்தை இதுதானாம். அதை அவர் பாஷையில் சொல்லிக் காட்டினார். அவள் திருப்பிச் சொன்னாள்.

ஒரு வாய் வைத்ததும் அவருக்குள் இருந்த சமையல்காரர் வெளியே வந்துவிட்டார். இதில் என்ன, அதில் என்ன, எப்போது போட்டாய்? புளி என்று தெரிந்ததும் அவர் அம்மா மீன் சூப்பில் புளி போடுவதைச் சொன்னார். இவள் தன் வீட்டு மீன் குழம்பைச் சொன்னாள். கிளப் வந்ததும் இறங்கி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். இரண்டு. சின்னவள் பிறந்ததை வீடியோவில்தான் பார்த்தாராம். வயசு, கல்யாணம், கோயில், எல்லாம் கேட்டாள். சம்பளத்தையும் விடவில்லை. அவரும் அவளிடம் அத்தனையும் திருப்பிக் கேட்டார். பந்தயம் போட்டுத் தோற்ற ஆட்கள்போல் மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். மூன்றே முக்காலுக்கு நான் ஹாரன் அடித்தபோதுதான் எழுந்தார்கள்.

பேச்சியும் கூட வந்தாள். அவரைக் கேட்டில் இறக்கினேன். உள்ளே போனவர் நாலடி வைத்துவிட்டுத் திரும்பி, டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"யூ ஈட், பிரதர்?"

அன்று நான் சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் "யெஸ், பிரதர்," என்றேன்.

திரும்பி வரும்போது பேச்சி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் செத்திருந்தது. "ஆறையும் கேட்டுட்டேன் அண்ணாச்சி. ஜீரோதான்."

அடுத்த சனிக்கிழமை மேடம் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளப்புக்கே வந்தார். மேஜையில் போனை வைத்து, பேச்சியின் பதிவை ஓடவிட்டார். பேச்சி சுவரோடு நின்றாள். ஆரம்பத்திலேயே ஒரு இடத்தில் மேடம் நிறுத்தினார்.

"இங்கன யாரு இருமுதது?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். "நாந்தான் மேடம். நீங்க சொல்லியும் கேக்கல."

"நல்ல வேளை, அவ உங்களக் கண்டுக்கல," என்றார் மேடம். பிறகு அவள் எழுதின நாலு பக்கத்தில் கடைசிப் பத்தியை எடுத்து, எனக்காகத் தமிழில் சொன்னார். அது எனக்கு இன்றும் மனப்பாடம்: "அந்த வேனில் இங்கிலாந்துக்காரர் யாரும் இல்லை. இங்கிலீஷ் எங்கள் இரண்டு பேருக்கும் இரவல் பாத்திரம். அதில் அவர் அவர் வீட்டுக் குழம்பை ஊற்றினார், நான் என் வீட்டுக் குழம்பை ஊற்றினேன்."



"நான் சொன்னத மீறுனதுக்கு மார்க்க வெட்டிருக்கேன்," என்றார் மேடம். "பேசுனதுக்கும் எழுதுனதுக்கும் வெட்ட எடமில்ல. பாஸு. மத்தவங்க எல்லாரும் வெயிலப் பத்தி ரொம்ப மரியாதையா பேசிருக்கிய. பேசுன ஆளு ஒருத்தரு பேராவது தெரியுமா உங்களுக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. பேச்சிக்கு அவருடைய மகள்களின் பெயர்கூடத் தெரியும்.

வாத்தியாராக இருந்துகொண்டு, பிள்ளைகள் முன்னால் மேடம் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பெரிசு. "அந்த ஆறு ரூலும் நான் புஸ்தகத்துல இருந்து எடுத்தது. யாரு கூடப் பேசப் போறியன்னு நான் யோசிக்கல. அது என் தப்பு." அடுத்த வருஷம் வந்த பிள்ளைகளின் தாளில் அந்த ஆறு கேள்வி இல்லை. ஒரு வரிதான் இருந்தது: எதிரில் இருப்பவர் ஊரில் முதலில் என்ன கேட்பார்கள் என்று கண்டுபிடித்து, அதைக் கேட்டு ஆரம்பி. பேச்சி இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் நடத்துகிறாள். பேசித்தான் நடத்துகிறாள்.

நான் முப்பத்தொரு வருஷத்தில் ஏற்றி இறக்கின ஆட்களுக்குக் கணக்கில்லை. ஒருவரிடமும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. எல்லோரிடமும் முதலில் கேட் டைம்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பிறகு என் இருபது வாக்கியம் இருபத்தொன்று ஆயிற்று, கேட் டைம் இரண்டாவது இடத்துக்குப் போயிற்று.

வேன் ஓட்டும் பிள்ளைகளே, நீங்களும் அதையே முதலில் கேளுங்கள். ஆனால் ஒன்று. அவர்கள் நம்மைப்போல் ஒப்புக்கு ஆச்சு என்று சொல்ல மாட்டார்கள், இல்லை என்றே சொல்லிவிடுவார்கள். அதனால் டேஷ்போர்டில் ஒரு பொட்டலம் மக்ரூன் எப்போதும் இருக்கட்டும்.