இடப்பக்கத்துப் பிச்சிப்பூ

மூக்கடைப்பு என்று வந்தாலும் சரி, தொண்டை கரகரப்பு என்று வந்தாலும் சரி, என் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குக் காது, மூக்கு, தொண்டை மூன்றையும் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை. பாளையங்கோட்டையில் கிளினிக் போட்ட நாளிலிருந்து இதற்காகப் பேச்சு வாங்குகிறேன். "தொண்டைக்குத்தான வந்தோம், காதுல எதுக்கு லைட்டு அடிக்கீய?" என்பார்கள். மூன்றும் உள்ளே ஒரே வீடு, வாசல்தான் வேறு வேறு என்பேன். பிடிக்காவிட்டால் வேறு டாக்டரிடம் போங்கள் என்றும் சொல்லிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைக் குறைத்துக்கொள்கிற உத்தேசம் இல்லை.

இது ஆற்றில் முங்கிக் குளிக்கிற ஊர். காதில் தண்ணீர் போய்விட்டால் பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றிவிடுவார்கள். ஈரமும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே காளான் பிடிக்கும். லைட்டு அடித்துப் பார்த்தால் நனைந்த செய்தித்தாளைத் திணித்து வைத்தது போல இருக்கும். அதை உறிஞ்சி எடுத்துச் சொட்டு மருந்து கொடுத்தால் தீர்ந்தது. குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றச் சளி வந்தால் உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கும். அதுவும் சுளுவான வேலைதான். எனக்கு ஆத்திரம் வருவது ஒழுகுகிற காதுக்கு ஊரில் சொல்கிற சமாதானத்தைக் கேட்கும்போது. கெட்ட நீர் வெளியே போகிறதாம். போனால் நல்லதாம். அடைத்தால் தலைக்கு ஏறிவிடுமாம்.

நாங்குநேரியில் இருக்கிற என் அக்கா, கல்யாணம் நிச்சயமாகியிருந்த தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வந்தாள். இவளுக்குத் தொண்டை வலி, மாத்திரை எழுதிக் கொடு, துணிக்கடைக்குப் போக வேண்டும் என்றாள். நாக்கை அமுக்கிப் பார்த்தேன். டான்சில் சிவந்திருந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. மூக்கைப் பார்த்தேன். வலது காதைப் பார்த்தேன். வலது காதை முதலில் பார்ப்பது என் வழக்கம். செவிச்சவ்வு முத்து போலப் பளபளவென்று இருந்தது. இடப்பக்கம் திரும்பியதும் அக்கா எழுந்துவிட்டாள்.

"தொண்டையைப் பாத்தாச்சுல்லா. காதெல்லாம் வேண்டாம்."

அப்போதுதான் பூவைக் கவனித்தேன். அந்தப் பெண் பிச்சிப்பூ முழுவதையும் இடப்பக்கமாகவே ஒதுக்கி, காதை மூடுகிற மாதிரி முன்னால் தொங்கவிட்டிருந்தாள். கிட்டே குனிந்தேன். பிச்சி வாசத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வாடை மறக்காது. அக்காவைக் கேட்காமல் பூவை எடுத்து மேஜையில் வைத்தேன். காதுக்குள் பஞ்சு. பஞ்சை எடுத்துச் சுத்தம் செய்து பார்த்தபோது, சவ்வின் மேல் ஓரத்தில் ஒரு குழி, குழி நிறைய வெள்ளை வெள்ளையாகச் செதில். அது வேறொன்றும் இல்லை, தோல்தான். இருக்கக் கூடாத இடத்தில் வளர்ந்து சுற்றியிருக்கிற எலும்பை அரித்துக்கொண்டே போகும். மெல்லிய எலும்பு ஒன்றுக்கு அந்தப்புறம் மூளை.

தட்டினால் ரீங்கரிக்கிற இரும்புக் கவையான இசைக்கவையைத் தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தேன், கேட்கிறது என்றாள் பெண். காதுக்கு முன்னால் கொண்டுவந்தேன், கேட்கவில்லை என்றாள். நரம்பு பிழைத்திருக்கிறது, சத்தம் உள்ளே போகிற வழிதான் கெட்டிருக்கிறது. காதுத் துவாரத்தின் முன்னால் இருக்கிற குருத்தெலும்பை விரலால் அமுக்கினேன். அறையே சுற்றுகிறது என்று நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். உட்காதில், உடம்பை விழாமல் நிறுத்தி வைக்கிற பகுதி வரை அரிப்பு போய்விட்டது என்று அர்த்தம்.

சின்ன வயதிலிருந்தே ஒழுகுகிறதாம். கூடப் பிறந்த டாக்டருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி என்று அக்கா மறைத்திருக்கிறாள். பெண்ணுக்கு ஒரு காது மந்தம், அதுவும் நாறுகிற காது என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்ற பயம். பயம் எனக்குப் புரிந்தது. மன்னிக்கத்தான் முடியவில்லை.

உடனே ஆபரேசன் என்றேன். காதுக்குப் பின்னால் முடியை மழித்துக் கீற வேண்டும், கட்டுப் போட வேண்டும். கல்யாணம் முடியட்டும் என்றாள் அக்கா. காதோரம் மொட்டையோடு மணமேடையில் உட்கார்வாளா என்று அழுதாள். அவள் அழுது முடிக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. தள்ளிப்போட்டால் முகம் ஒரு பக்கம் கோணலாம், சீழ் மூளைக்குப் போனால் உயிரே போகலாம் என்று நேராகப் பெண்ணிடமே சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் மேஜையில் கிடந்த பூவைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அம்மா, அவங்ககிட்ட நானே சொல்லுதேன்."

எங்கள் முன்னாலேயே மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னாள், குரல் நடுங்கவில்லை. அவர் வீட்டில் கலந்து சொல்வதாகச் சொன்னார். மறுநாள் கல்யாணம் வேண்டாம் என்று ஒரே வரியில் தகவல் வந்தது. அக்கா கிளினிக்குக்கே வந்துவிட்டாள். வெளியே காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.

"ஒம் மகளா இருந்தா இப்படிச் செய்வியா?"

"எம் மகளா இருந்தா ஒன்கிட்டக் கேட்டிருக்கவே மாட்டேன்க்கா."

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்த ஆபரேசனை நான்தான் செய்தேன். மூளைக்குக் கீழிருந்த எலும்பு ஒரு இடத்தில் இல்லவே இல்லை. அங்கே வரை போயிருந்த அந்தத் தோலை வழித்து எடுத்தேன். காது உலர்ந்தது, வாடை போனது. அந்தக் காதில் கேட்கும் சக்தி முழுக்கத் திரும்பவில்லை. அதற்காக அவள் மூலையில் உட்காரவில்லை. வேலை பார்க்கிற வங்கிக்கு, தழும்பு தெரியக் கொண்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறாள். யாராவது உற்றுப் பார்த்தால், "ஆபரேசன். அந்தக் காது சரியாக் கேக்காது, இந்தப் பக்கம் வந்து பேசுங்க" என்கிறாளாம். கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்கா மட்டும் பேச்சை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்கு எப்போதும் வருகிற பலகாரம் வரவில்லை. வலித்தது, ஆனாலும் சமாதானம் பேச நான் போகவில்லை. தப்புச் செய்தவள்தானே இறங்கிப் போக வேண்டும்?

போன மாதம் ஒரு மாலையில், அடுத்த ஆள் வரலாம் என்று மணி அடித்தேன். உள்ளே வந்தது அக்கா. பின்னால் ஒரு பெண்ணும், அவளுடைய மகளும். பள்ளிக்கூடச் சீருடை போட்டிருந்த அந்தப் பிள்ளை தலையைக் குனிந்திருந்தாள்.

பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது, மருந்து கொடுங்கள் என்று தாய்க்காரி ஆரம்பித்தாள். அக்கா அவளை முடிக்க விடவில்லை.

"நான் ஒன்கிட்டப் பேச வரலை. இவ எங்க எதுத்த வீடு. புள்ள ஒரு பக்கமாவே பூ வைக்காளேன்னு கிட்டப் போனேன். அதே வாடை. கேட்டா, கெட்ட நீர்தான் போகுதுங்கா. நீ பாரு."

தாய்க்காரி, சளிக்குத்தானே வந்தோம், காது எதற்கு என்றாள். பிள்ளையை உட்கார வைத்து, வலது காதைப் பார்த்துவிட்டு இடப்பக்கம் திரும்பினேன். நான் கை நீட்டுமுன் அக்கா அந்தப் பூவை எடுத்துவிட்டாள்.