மூன்று விரல் இடைவெளி

கட்டிலிலிருந்து எழும்போதெல்லாம் வயிற்றின் நடுவே ஒரு மேடு கிளம்பும், படுத்தால் அமுங்கிவிடும். மூன்றாவது பிள்ளை பிறந்து எட்டு மாதம் ஆகியும் வயிறு ஐந்து மாதக் கர்ப்பம்போல் இருந்தது. உங்களுக்கும் இப்படி இருந்தால், நான் செய்த தவறைச் செய்யாதீர்கள்.

பிள்ளை பெற்றவள் வயிற்றில் சேலையைச் சுற்றிக் கட்டுவது எங்கள் வழக்கம். வயிறு இறங்காததால் நான் மூச்சு முட்ட இறுக்கினேன். இடுப்புவலிதான் கூடியது.

ஒரு ஞாயிறு ஆராதனையில் ஐயரம்மா (பாதிரியாரின் மனைவி) கர்ப்பவதிகளுக்காக ஜெபித்தபோது என் பெயரையும் சேர்த்துவிட்டார். சபையே ஆமென் சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பாடம் நடத்திய பெண்கள் பள்ளியில் கர்ப்பிணிகள் வகுப்பெடுக்கக் கூடாது. தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"பிரசவம் முடியட்டும் எஸ்தர். அதுவரைக்கும் வீட்ல இருங்க."

இல்லை என்று நான் சொன்னதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். வகுப்பறை இல்லாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். அவருடைய மூன்று விரல்கள் வயிற்றுக்குள் இறங்கின.

"ஹெதரபேடம்மா" என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறினார். "பயம் வேண்டாம். கொழந்த இல்ல. தசை பிரிஞ்சிருக்கு (வயிற்றின் இரு நெடுந்தசைகளும் நடுவில் விலகியிருப்பது). இப்படி இறுக்கிக் கட்டாதே. மூச்ச விட்டுகிட்டே வயித்த உள்ள இழு. ஒருக்களிச்சு எழுந்திரு."

"முழுசா சரியாகுமா டாக்டர்?"

"கொஞ்சம் சேரும். முழுசான்னு சொல்ல மாட்டேன்."

அவர் எழுதித் தந்த கடிதத்தைத் தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார். "டாக்டரும் மனுஷிதானே? ஈஸ்டர் தாண்டட்டும், பாக்கலாம்."

"நாலு மாசம்தானே" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு அவர் ஆபீசுக்குப் போய்விட்டார். நான் வீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிள்ளைக்கு நாள் எண்ணினேன். காலையும் மாலையும் மூச்சை விட்டு வயிற்றை இழுத்தேன். நாளுக்குப் பத்து தடவையாவது விரல் வைத்து இடைவெளியைப் பார்த்தேன். சமைக்கும்போதுகூடக் கை அங்கேதான் போகும்.

ஈஸ்டர் தாண்டியது. ஒன்றும் பிறக்கவில்லை. தலைமையாசிரியை என் வயிற்றைப் பார்த்தார், பிறகு வருகைப் பதிவேட்டைத் தந்தார். ஒரு விரல் இடைவெளி இன்னும் இருக்கிறது. ஒருக்களிக்காமல் நான் எழுவதே இல்லை.

ஐயரம்மா மட்டும் சங்கடப்பட்டு, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று பின்னி வைத்திருந்த கம்பளிக் குல்லாவை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். கடைசி மகளைக் கூப்பிட்டேன். நடந்து வந்தாள். குல்லா அவள் தலைக்குள் நுழையவே இல்லை. இவள் எப்போது நடக்கத் தொடங்கினாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவில்லை.