இரண்டு படங்களுக்கு நடுவே

ஓசூரில் எனக்குப் பேச்சுத்துணை என்றால் நுண்ணோக்கிக்கு அடியில் இருந்த மனித செல்கள்தான். கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டுக்காரர் தெலுங்கில் பேசுவார். கம்பெனி வண்டியில் பக்கத்தில் உட்காருகிறவர் போனில் கன்னடத்தில் பேசிக்கொண்டே வருவார். கணவரும் மகளும் திருநெல்வேலியில். நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, இருட்டறைக்குள் போய்ச் செல்களிடம், "என்ன, இன்னைக்காவது ஏதாச்சும் காட்டுவீங்களா?" என்பேன்.

தொழிற்பேட்டைக்குள் சின்ன ஆய்வுக்கூடம். ஒரு மரபணு வேலை செய்யும்போது பச்சைப் புள்ளியாக ஒளிரும்படி செய்திருந்தோம். மரபணு ஒரே சீராக வேலை பார்க்காது. சும்மா கிடக்கும், திடீரென்று கொஞ்ச நேரம் மளமளவென்று இயங்கும், மறுபடி அடங்கிவிடும். அதைச் சுற்றியுள்ள புரதங்களின் மேல் அசிட்டைல் என்ற சின்ன ஒட்டு ஏறும், இறங்கும். இறங்காமல் மருந்து போட்டுத் தடுத்தால் இந்தத் துள்ளல் மாறுமா? அதுதான் எங்கள் கேள்வி.

மாதக்கணக்காகியும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தளி பக்கத்துக்காரரான எங்கள் மேலாளர், "வுட்டுறலாம்மா. இந்த மாசத்தோட மூடிக்கலாம். ஊருக்குப் போயி கொழந்தயப் பாருங்க" என்றார். பாவம், வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அன்றே மகளுக்குப் போன் போட்டேன்.

"நெசமாவாம்மா? இனிமே போவமாட்டேல்லா?"

"போவமாட்டேன் கண்ணு."

மறுநாள் மத்தியானம் பேய்மழை. வீட்டுக்குத் திரும்பக் கம்பெனி வண்டி வரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மருந்து போட்ட செல்கள் இருந்த கடைசித் தட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். வெளிச்சம் அதிகம் பட்டால் செல்கள் செத்துவிடும் என்பதால், ஒரு படம் எடுத்தால் நெடுநேரம் ஆறப்போட்டுத்தான் அடுத்ததை எடுப்போம். அது எங்கள் கூடத்து வழக்கம். தூக்கிப்போடப் போகிற தட்டுதானே, செத்தால் சாகட்டும் என்று இடைவிடாமல் எடுக்கவிட்டேன்.

புள்ளி மின்னியது. அணைந்தது. திரும்ப மின்னியது. அடப்பாவிகளா! இத்தனை நாளும் இரண்டு படங்களுக்கு நடுவே மின்னிவிட்டு, நாங்கள் பார்க்கும்போது கமுக்கமாகக் கிடந்திருக்கின்றன. மருந்து போடாத தட்டையும் வைத்துப் பார்த்தேன். அதிலும் மின்னின, ஆனால் எப்போதாவது. மருந்து போட்டதில் அடிக்கடி.

யாரும் பார்க்கவில்லை. படங்களை அழித்துவிட்டால் நான் ஊருக்குப் போய்விடலாம். அந்த எண்ணம் வரத்தான் செய்தது. ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். ஏ.சி. இரைச்சலைத் தவிர ஒருவரும் இல்லை. மேலாளரை அவர் அறையிலிருந்து கூப்பிட்டு வந்து காட்டினேன்.

"ஐயோ, இதப்போயி மூடப் பாத்தமே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு வருசத்துக்கு வேல இருக்குது. நீங்க இல்லாம ஆவாதும்மா."

"சரிங்க சார்" என்றேன்.

சாயங்காலம் மகளிடம் சொன்னேன். செல்கள் எவ்வளவு அழகாக மின்னின என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவள் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

"பீரோவுல ஒனக்குன்னு ஒரு தட்ட ஒழிச்சு வச்சிருந்தா" என்றார் அவர். "இப்பம் அவ துணிய திருப்பி அடுக்குதா."