தங்கராஜ் அண்ணாச்சியும் என் வண்டியின் புகையும்

செவ்வாய்க்கிழமை காலை, மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியின் மகள் செல்வி போன் செய்தாள். "ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க" என்றாள். எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். அப்படி ஒரு மரமண்டை நான். அவள் அழுத பிறகுதான் புரிந்தது. பின்னால் வந்தவர்கள் "சலோ மேடம், சலோ" என்று இடித்துக்கொண்டு போனார்கள். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

செம்பூரில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாகத் தகரக் கூண்டு போட்டு, வண்டிகளின் புகையைச் சோதித்துச் சான்று கொடுத்துவந்த தங்கராஜ் அண்ணாச்சியைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் என்றால் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். வரிசையில் நிற்கும்போது யாராவது இன்ஜினை ஓடவிட்டால் அவருக்குப் பொறுக்காது. "ஆஃப் பண்ணுங்கய்யா! எம் மூக்கு என்ன உங்க தாத்தா சொத்தா?" என்று கத்துவார். டாக்ஸிக்காரர்களுக்கு அதையே இந்தியில், இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்து. பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், வளர்ந்தது தாராவி, குடியிருந்தது கோவண்டி. என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் ஊருக்கெல்லாம் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சி.

வார நாட்களில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவள் நான். மழைக்காலம் வந்தால் மலைப்பாதை ராலிப் பந்தயங்களில் கார் ஓட்டுகிறவள். என் கார் முப்பது வயதைத் தாண்டியது. இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டக் கம்பெனி வைத்த ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெரிதாக இரண்டு போட்டிருந்தேன். வேகத்துக்காகக் கேம்ஷாஃப்டையும் மாற்றியிருந்தேன். மிதித்தால் பறக்கும். சும்மா நின்றால் பெட்ரோலை அரைகுறையாக எரித்துப் புகையாகத் தள்ளும். முதல் தடவை அதன் சத்தத்தைக் கேட்டதும் அண்ணாச்சி காதைச் சாய்த்தார். "வண்டி கெடந்து இருமுதுல்லா மேடம். டாக்டருட்ட காட்டுனீங்களா?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால்கூட அவ்வளவு வந்திருக்காது.

இவ்வளவு பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். போன முறை நான் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டுக் கடைசி நாளில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். மதியம் ஒரு மணிக்கு வடாலா ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும். கையில் புகைச் சான்று இல்லாவிட்டால் பதிவு போச்சு. என் கணவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நாளைக்கு ஆகலேன்னா பங்கார்வாலாவைக் கூப்பிட்டுடுவேன். பில்டிங் சொசைட்டில இந்தப் பழைய வண்டிக்காக இதுக்கு மேல சமாதானம் சொல்ல என்னால முடியாது." பழைய இரும்புக்காரனிடம் என் கார்! அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

காலை ஒன்பதரைக்கு அண்ணாச்சி என் சைலன்சருக்குள் சோதனைக் குழாயைச் செருகினார். கார்பன் மோனாக்சைடு மூன்று சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மெஷின் திரையைப் பார்த்து அவர் உரக்கச் சொன்னார்: "நாலு புள்ளி ஒண்ணு."

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ அண்ணாச்சி."

"பாத்துத்தான் சொல்லுதேன். நாலு புள்ளி ஒண்ணு."

நான் இன்ஜினை அணைக்கப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "உங்க வண்டி மட்டும் ஓடட்டும். ஆறிப்போச்சுன்னா நம்பர் இன்னும் ஏறிரும்." ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்தார். சோதிக்கிறவன் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் தொடக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். "நீங்க திருப்புங்க, நான் நம்பர் சொல்லுதேன்." நான் பானட்டுக்குள் தலையை விட்டுக் கால் சுற்றுக் கால் சுற்றாகப் பெட்ரோலைக் குறைத்தேன். அவர் பின்னால், சைலன்சர் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, குழாய் நழுவாமல் பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தார். மூணு ஒம்போது. மூணு ஆறு. மூணு நாலு. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. மேலும் திருகினால் இன்ஜின் குலுங்கி நின்றுவிடும் போல் ஆனது. மணி பதினொன்றைத் தாண்டியது.

மூன்றாவது முறையாகக் கணவரின் போன் வந்தது. எடுக்கவில்லை. நம் ஊரில் இதற்கு ஒரு வழி உண்டு, எல்லோருக்கும் தெரிந்த வழிதான். குழாயைப் பக்கத்து வண்டியில் செருகிவிட்டு, நம் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடுவார்கள். பக்கத்தில் காஸில் ஓடும், புகை அதிகம் விடாத டாக்ஸி ஒன்று நின்றிருந்தது. நான் குரலைத் தாழ்த்தி அதைக் காட்டினேன்.

"அது வேற வண்டில்லா மேடம்" என்றார், ஏதோ எனக்குத் தெரியாதது போல.

எனக்கு வந்ததே கோபம்! "வெறும் பாயிண்ட் நாலுக்காக என் கழுத்தை அறுக்கறேளே, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?" என்று பங்க் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவற்றை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. புகையில் கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார். "நான் எழுதிக் குடுத்திருவேன் மேடம். உங்க வண்டி கேக்குமா? அது விடுத புகையத்தான விடும்?" என்றார். பிறகு, இன்ஜின் சூடு எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"மேடம், இது என்னது?"

பதிவு முடிந்ததும் வண்டிக்கு உடைக்கலாம் என்று அன்று காலை மாட்டுங்கா மார்க்கெட்டில் இரண்டு தேங்காய் வாங்கியிருந்தேன். துணிப்பையோடு அவற்றை எங்கே மாட்டியிருந்தேன் தெரியுமா? டாஷ்போர்டில் இருக்கும் சோக் குமிழில். தேங்காய்களின் கனத்தில் குமிழ் பாதி வெளியே வந்திருந்தது. சோக் இழுத்திருந்தால் இன்ஜினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரமாக நான் முன்னால் குறைத்துக்கொண்டிருந்தேன், என் தேங்காய் பின்னால் கூட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி பையைக் கழற்றிக் குமிழை உள்ளே தள்ளினார். இன்ஜின் திணறியது. "திருப்புங்க, திருப்புங்க, அரைச் சுத்து வெளிய!" என்று கத்தினார். நான் திருகினேன். சத்தம் சீரானது. அவர் மறுபடியும் பின்னால் போய்க் குந்தினார். "ரெண்டு புள்ளி ஆறு" என்றார். சான்றைப் பிடுங்கிக்கொண்டு வடாலாவுக்குப் பறந்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை. மறுநாள் போய் அந்தத் தேங்காய்களை அவர் கூண்டின் முன்னால்தான் உடைத்தேன். "வண்டிக்கு வாங்குனத எனக்கு ஒடைக்கீங்களே" என்று சிரித்தார்.

புதன்கிழமை கோவண்டி வீட்டுக்குப் போயிருந்தேன். செல்வி என்னைத் தனியே அழைத்து உட்காரவைத்தாள். "நுரையீரல் ஃபுல்லா போயிருச்சாம் ஆன்ட்டி. பீடி எத்தனை வருஷமா குடிக்கீங்கன்னு டாக்டர் கேட்டாரு. நான் எங்க குடிச்சேன், பாம்பேதான் குடிக்க வச்சிச்சின்னு அப்பா சிரிச்சாங்க. அவங்க ஒரு பீடிகூடத் தொட்டதில்ல" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லா வண்டியையும் அணைக்கச் சொன்ன மனிதர், என் ஒருத்தியின் வண்டியை மட்டும் ஓடவிட்டார். அதன் பின்னால் இரண்டு மணி நேரம் குந்தியிருந்தார்.

ஒரு வண்டியால் ஒரு மனுஷன் சாகமாட்டான் என்கிறார் என் கணவர். இருக்கலாம். வேகமாக ஓட்டுவது எனக்கு இன்னும் பிடித்துத்தான் இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தச் சாவியை நான் தொடவில்லை.

கிளம்பும்போது செல்வி கேட்டாள்: "அப்பாவப் பத்தி எழுதுவீங்களா ஆன்ட்டி? எனக்குத் தமிழ் படிக்க வராது. நீங்கதான் வந்து வாசிச்சுக் காட்டணும்."

எழுதிவிட்டேன். அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டு வாசித்தால் அவளுக்குத் தெரியவா போகிறது? இரண்டு நாளாக அந்த ஆசைதான் என்னைப் போட்டு உலுக்குகிறது. ஆனால் நான் கெஞ்சியும் கத்தியும்கூட, வந்த எண்ணை வந்தபடியே உரக்கச் சொன்னவர் அண்ணாச்சி. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை கோவண்டிக்குப் போகிறேன். அவர் மகளுக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் வாசிப்பேன்.